வாப்பா வீட்டில் இருந்த மணித்தியாலங்கள்

கம்பியூட்டர் வகுப்பில் இரண்டு திகதிகளைக் கழிக்கச் சொல்லித் தந்த அன்று, கழிப்பதற்கு எனக்குக் கிடைத்தது வாப்பாவின் பாஸ்போர்ட்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா சவூதியிலிருந்து லீவில் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் போனில் வரும் குரல்தான் எனக்கு வாப்பா. அவர் எங்களோடு மொத்தம் எவ்வளவு காலம் இருந்திருக்கிறார் என்று காட்டி அவரை அசத்திவிட நினைத்தேன். உம்மாவின் அலுமாரியிலிருந்து பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் எடுத்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் குத்திய வந்த சீல், போன சீல் எல்லாவற்றையும் சோடி சோடியாகப் பார்த்து வீட்டுக் கம்பியூட்டரில் தட்டினேன்.

திகதிகளைக் கழித்தால் கம்பியூட்டர் விடையை மில்லிசெக்கனில் தரும். ஒரு செக்கனை ஆயிரமாக அரிந்த துண்டு அது. பதினோரு இலக்கத்தில் ஓர் எண் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரத்தால் வகுத்து, அறுபதால் வகுத்து, மறுபடி அறுபதால் வகுத்து, மணித்தியாலம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். எண் பெரிதாக இருந்தால்தானே பெருமை!

அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவை இழுத்து வந்து கதிரையில் உட்கார வைத்தேன்.

“ஐயாயிரத்தி நானூறு மணித்தியாலம் வாப்பா!”

வாப்பா சிரித்தார். “நாள் கணக்குல எவ்வளவு வரும் மகள்?”

இருபத்து நான்கால் வகுத்தேன். இருநூற்று இருபத்தைந்து. எண் சுருங்கிப்போனதில் எனக்கு வெட்கமாகிவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிவிட்டார்.

“இந்த லீவையும் சேத்துப் பாருங்களன்” என்றார் வாப்பா.

“போற சீல் இன்னும் குத்தல்லயே. போற திகதி இல்லாட்டி கணக்கு வராது வாப்பா. எப்ப போறீங்க?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. “சொல்லுங்க, சொல்லுங்க” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். இன்று அந்தத் தோள் கிடைத்தால் உலுக்க மாட்டேன், சாய்ந்துகொள்வேன்.

கடைசியில் ஒரு திகதியைச் சொன்னார். தட்டினேன். இருநூற்று அறுபத்தொன்பது! எண் கூடிவிட்டதே என்று துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். வாப்பா ஏன் கைதட்டவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.