முட்டுக்கு அனுமதி

பழைய கட்டடத்தில் மாற்றம் கோரும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப்போன வருடம், குரும்பகரத்திலிருந்து ஒருவர் அந்த விதியை நம்பி, நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார். அவருடைய நூறாண்டு ஓட்டுவீட்டின் பின்சுவர் பிதுங்கியிருந்தது. எங்கள் அலுவலகப் பெஞ்சில்கூடச் சுவரில் சாயாமல்தான் உட்காருவார்.

"மழைக்கு முன்னாடி ஒரு பனங்கட்டையாவது முட்டுக் கொடுத்துக்கிறேங்க. நடக்கமுடியாத வீட்டுக்காரி உள்ளதான் கெடக்கா. ஒத்த அறைங்க."

"முட்டும் மாற்றந்தாங்க. ஃபைல் புதுச்சேரிக்குப் போயிருக்கு" என்றேன்.

"சுவர் விழறதுக்கு அனுமதி வேணாமுங்களா?"

விதியில் அதற்குப் பிரிவு இல்லை.

ஐப்பசி மழையில் சுவர் அந்த அம்மாள்மேல் விழுந்து உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகும் அவர் வந்தார். எதுவும் கேட்காமல், சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எதற்காக வந்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

முட்டுக் கொடுக்கலாம் என்ற பதில் வந்தது, மார்கழி முதல் தேதி.