அருமை என்றார் டாக்டர்

மலாயாவின் அவசரகாலத்தில் நான் லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. குடியிருப்பைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று வாசலில் போலீஸார் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில்தான் என் மனைவியின் வலது கண்ணில், கீழ் இமைக்கு உட்புறம், இளஞ்சிவப்பாக ஒரு தடிப்பு தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கண்கட்டிதான் கிராணியம்மா. யாரு வீட்டுச் சோத்தக் கண்ணு வெச்சீங்க? நாமக்கட்டிய உரசிப் போடுங்க லா."

போட்டோம். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் களிம்பும் கொடுத்தார். கண்கட்டி என்றால் குத்தும், பழுக்கும், உடையும். இது குத்தவேயில்லை. வலியில்லையே என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். மாதக்கணக்கில் வளர்ந்து, இமையை வெளியே தள்ளியபோதுதான் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இமையைத் திருப்பினார்.

"நோகுதோ?"

"கொஞ்சங்கூட இல்லீங்க," என்றாள் பெருமையாக.

சிறு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் சரியாக உண்ணவில்லை.

இரண்டாம் முறை போனபோது சொன்னார்: "இது லிம்போமா எண்ட வருத்தம். கண்ணிலை வாறது வலு அருமை."

என் மனைவி முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் தோட்டத்தில் அருமை என்றால் நல்ல செய்தி. அவர் சொன்னது அரிது என்ற பொருளில் என்று எனக்குப் புரிந்தது. லிம்போமா புற்றுநோயில் ஒரு வகை என்று எனக்கு மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"நாட்டுல எத்தனை பேருக்கு இருக்குங்க, டாக்டர்?" என்றேன்.

"ஆர் எண்ணினது? தோட்டத்துச் சனம் கண் போனாப் பிறகுதானே வருதுகள். வராமலே செத்ததுகளை எந்தக் கணக்கிலை சேர்க்கிறது?"

நாட்டில் பெரியவர்களில் ஒருவர் விடாமல் கட்டைவிரல் ரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். இந்த நோயை மட்டும் யாரும் எண்ணவில்லை. அரிது என்பதே நிச்சயமில்லையென்றால், நான் எதைப் பிடித்துக்கொள்வது? சிங்கப்பூரில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். கண் தப்புமா என்றதற்கு, அங்கே காட்டுவதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊரடங்குக்கு முன் தோட்டம் திரும்ப பஸ் பிடிக்க வேண்டும். நான் எழவில்லை.

"அருமைன்னுதானே சொன்னாரு? அப்புறம் ஏன் இங்கேயே உக்காந்துட்டீங்க?"

சொன்னேன். அது புற்றுநோய் என்பதையும், அருமை என்று அவர் சொன்னதன் பொருளையும், தெரிந்தவரை.

நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு கேட்டீங்க. வந்தவங்கள்ல எத்தனை பேரு பொழைச்சாங்கன்னு கேட்டீங்களா?"

அதைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். டாக்டரின் அறைக் கதவை அவளே தட்டினாள்.