கண்ணாடியில் இருந்தவன்

என் அக்காவின் கணவர் சலூன்காரர். கத்தரியைவிட வாய் வேகமாக ஓடும். ஆனால் அவர் பேசுவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் அல்ல, எதிரே கண்ணாடியில் தெரியும் உங்களிடம். "நேராப் பார்த்தா மூஞ்சிதான் தெரியும். கண்ணாடியில பார்த்தாத்தான் ரெண்டு கிருதாவும் சமமான்னு தெரியும்" என்பார். தன் கை வேலை செய்வதையும் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவர். வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொள்வார். "சமையலறையிலயும் ஒரு கண்ணாடி மாட்டிடலாமா மாமா?" என்று கொழுந்தியாள் உரிமையில் நான் கிண்டல் செய்வதுண்டு.

ஒரு காலையில், தன் தம்பிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோதே மாமாவைப் பக்கவாதம் தாக்கியது. தம்பி பஸ் ஓட்டுநர். வேலைக்குப் போகும் வழியில் அண்ணனிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அன்று கத்தி காதுக்குக் கீழிருந்து தாடைவரை இறங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் ஆள் இல்லை. தையல் போட்ட இடத்தில் இன்றும் முடி முளைப்பதில்லை. மாமாவுக்கு வலது கை அப்படியே விழுந்துவிட்டது. நினைவு திரும்பிய பிறகு ஊரில் உள்ளவர்களையெல்லாம் விசாரித்தார். தம்பி எப்படியிருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வேலைக்குப் போவதால் மாமாவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனது நான்தான். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. அசையாத கையை அசைப்பதாக மனதுக்குள் நினைத்துப் பார்த்தாலே, மூளையில் சும்மா கிடக்கும் வழிகள் விழித்துக்கொள்ளும் என்றாள். நன்றாகப் பழகிய வேலையாக இருந்தால் இன்னும் நல்லதாம். மாமா சவரத்தைச் சொன்னார்.

நாள்கள் போயின. மாமா கண்ணை மூடி உட்காருவார். கை துணி மூட்டையாகத் தொடைமேல் கிடக்கும். ஒருநாள் அந்தப் பெண், "உள்ள எப்படிப் போகுது ஐயா?" என்று கேட்டாள்.

"பிரமாதம்மா. நல்லா வழிக்கிறான்."

"யாரு?"

"கண்ணாடியில இருக்கறவன்."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயா, நீங்க தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கறீங்க. எனக்கு அது போதாது. கைக்குள்ள போங்க. கத்தி எவ்வளவு கனம்? மணிக்கட்டு எப்படித் திரும்புது? விரலுக்குக் கீழ தோல் சூடா இருக்கா?"

மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டென்று கண்ணைத் திறந்தார். "அதெல்லாம் வேணாம்மா. அவனே செய்யட்டும்."

வீட்டிலும் அதே கதைதான். காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி, "கடை திறந்துட்டான்" என்பார். "என்னை மாதிரியேதான் இருக்கான். ஆனா ஒண்ணும் ஆகாத மாதிரி சிரிச்சிட்டே இருக்கான்" என்பார். பக்கத்தில் உட்கார எனக்கே பயமாக இருந்தது. அந்த ஆள் தேறிக்கொண்டே போனான், மாமாவின் கை மெலிந்துகொண்டே போனது. இப்படியே விட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் திரும்பாது என்று அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அன்று என் பொறுமை காற்றில் பறந்தது. "சரி மாமா, அவன் வழிக்கிறான். நாற்காலியில யாரு உட்கார்ந்திருக்கா? அதைச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

கல்லுளிமங்கன் மாதிரி இருந்தவர் உதட்டைக் கடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"கை போனதே எனக்குத் தெரியாதும்மா. ஒண்ணும் உறைக்கல. கண்ணாடியில பார்க்கறேன், ஒருத்தன் என் தம்பி தாடையில கத்திய இழுக்கறான். அடப்பாவி, யாருடா நீன்னு நினைச்சேன். கத்தக் கூட வாய் வரல."

தம்பியைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறுத்தவன் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும்வரை அது இவர் கையில்லை. கைக்குள் போய்விட்டால் அறுத்தது இவர் கை.

தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை அவர் சீருடையோடு பயிற்சி அறைக்கே வந்துவிட்டார். மாமா முகத்தில் ஈயாடவில்லை. தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். விழுந்து கிடந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, நழுவாமல் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடுங்கண்ணே. வழக்கம்போலத்தான். வேலைக்கு நேரமாச்சு, சீக்கிரம்."

மாமா கண்ணை மூடினார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டாள்: தோல் எப்படி இருக்கு, நுரை ஜில்லுன்னு இருக்கா, கத்தி எங்க வந்திருக்கு. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "காதுகிட்ட" என்றார். "இன்னும் கீழ" என்றார். மாமாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஆள்காட்டி விரல் அசைந்தது. காதுக்கடியில், தழும்பு தொடங்கும் இடத்திலிருந்து அது மெல்லக் கீழே நகர்ந்தது. தம்பியின் தோள் நடுங்கியதை நான் பார்த்தேன். முகத்தை மட்டும் அவர் அசைக்கவில்லை.

"ஐயா, அசையுது! விரல் அசையுது!" என்று அந்தப் பெண் துள்ளினாள்.

மாமா கண்ணைத் திறந்து தன் விரலை நேராகப் பார்த்தார். "அப்போ இது என் கைதான்" என்றார். பிறகு ஓவென்று அழுதார். "நான்தான்டா அறுத்தேன். நான்தான்."

"தெரியும்ணே" என்றார் தம்பி. "கைய எடுக்காதீங்க."