நொண்டாமல் நடந்த குதிரை

தொண்ணூறுகளின் நடுவில், வார இறுதிகளில், அஜக்ஸ் நகருக்கு அப்பால் இருந்த ஒரு நாட்டுப்புறக் குதிரைப் பந்தயத் திடலில் லாயம் கூட்டினேன். மூத்திர வைக்கோலின் நெடி வாரம் முழுக்கக் காரில் இருக்கும். அதைச் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது, திடலை நடத்திய கழகத்துக்காரரின் கொஞ்சல். ஒரு கையில் பியர், மறுகையில் சொசேஜ், வாயில் குதிரைகளைக் காட்டி "எங்கள் பிள்ளைகள்". அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தவரை நான் காணவில்லை.

என்னோடு சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்து ஓர் அண்ணை வருவார். ஊரில் வண்டிச் சவாரிக்கு மாடு வளர்த்தவர். அவர் வாய்ப்பேச்சைக் கேட்கவே நான் வேலைக்குப் போனேன் என்றும் சொல்லலாம். கழகத் தலைவர் தூரத்தில் வரும்போதே, "உவருக்கு முதல் உவற்றை வயிறு வந்து கதவைத் தட்டும், பார்" என்பார்.

தலைவரிடம் வயதுபோன பெட்டைக் குதிரை ஒன்று நின்றது. முன்னங்கால் கணு வீங்கி நொண்டியது. மறுநாள் பந்தயத்தில் அதையும் ஓட்டுவதென்று தலைவர் முடிவெடுத்தார். அது ஓடாமல் நின்றால் ஓர் ஓட்டத்துக்குக் குதிரைகளின் எண்ணிக்கை காணாதாம்.

"பயப்படாதேங்கோ அண்ணை, காலமை மிருக வைத்தியர் நடத்திப் பாப்பார். நொண்டினால் மறிச்சுப்போடுவார்" என்றேன்.

"ஓம், ஆனால் விடியுமட்டும் நோவோடை நிக்கப்போகுதே, பாவம்."

அன்று பின்னேரமே வீட்டிலிருந்து கொண்டுவந்த நோவெண்ணெயைச் சூடாக்கி, ஊரில் மாட்டுக்குச் செய்வதுபோலக் கணுவை மெல்ல மெல்ல உருவினார். நான் சுடுதண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குதிரை அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றது.

காலையில் வைத்தியர் நடத்திப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது. நான்கு காலும் ஒரே சீராக விழுந்தன. ஓடலாம் என்று தலையாட்டினார்.

"சேர், லெக் பெயின் சேர். நோ ரன்" என்று அண்ணை அவர் பின்னாலேயே ஓடினார்.

வைத்தியர் தலைவரைப் பார்த்தார். இவனுக்குக் குதிரையில் பாசம் கூடிவிட்டது என்று தலைவர் சிரித்தார். வைத்தியரும் சிரித்தார்.

ஓட்டத்தின் கடைசி வளைவில் அந்தக் கால் முறிந்தது. நாலு பேர் தார்ப்பாயைப் பிடித்து மறைத்தார்கள். அதைச் சாகவைக்கும் ஊசி போட்டார்கள். ஒலிபெருக்கி அடுத்த ஓட்டத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. உருளைக்கிழங்குப் பொரியலுக்கு நின்ற வரிசையில் ஒருவரும் அசையவில்லை. தார்ப்பாய் மறைக்கிறது, ஓட்டம் தெரியவில்லை என்று தொப்பி போட்ட ஒரு பெண் முறைப்பட்டாள்.

அண்ணை லாயத்துக்குள் வெறும் கட்டுக்கயிற்றோடு நின்றார். தலைவர் வந்து அவர் தோளில் தட்டி ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

சொல்லவே எனக்கு வாய் கூசியது. "அந்த எண்ணெயில் இன்னும் கொஞ்சம் வேணுமாம். இன்னொண்டும் நொண்டுதாம்."

அண்ணை கயிற்றை ஆணியில் கொழுவினார்.

"நொண்டுறது நொண்டட்டும் எண்டு சொல்லு. நொண்டினால்தான் உவங்கள் அதை ஓட்டாமல் விடுவாங்கள்."

எண்ணெய் இல்லையாம் என்று மட்டும் தலைவருக்குச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பொரியல் வரிசையில் போய் நின்றார்.