மாஹே லிஸ்டுக்கு வெட்டின புத்தகங்கள்

ஹெச்.எம். அம்மா மேசைமேல் ஒரு தாளை வைத்தார். கிளார்க் பக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"ஒண்ணும் இல்ல ஆயாம்மா, சும்மா ஒரு கைநாட்டு. மேல இருந்து கேக்கறாங்க" என்றார் கிளார்க்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. படித்துக்காட்டவும் இல்லை. தமிழில்தான் டைப் அடித்திருந்தார்கள். எனக்குத் தமிழ் படிக்க வரும் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

தெரியாமல் போனதில் என் தப்பும் உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள் நான். டீச்சரை மதாம் என்று கூப்பிட்ட காலம். தமிழ் நன்றாகப் படிப்பேன். பிரெஞ்சு பேச வராது, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வீட்டுக்காரர் செத்துப்போனபிறகு இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாசம் சம்பள ரெஜிஸ்டரைக் கொண்டுவந்த கிளார்க் எல்லா ஆயாவுக்கும் வரிசையாக மைப்பெட்டியை நீட்டினார். எனக்கு முன்னால் நின்றவள் விரலை அழுத்தினாள். பேனா கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் அழுத்தினேன். அடுத்த மாசம் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்டால், போன மாசம் ஏன் கேட்கவில்லை என்பார்களே என்று கூச்சம். அப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

ரெண்டாயிரம் பிறந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். ஒன்பதாவதுக்கு இங்கிலீஷ் இலக்கியம் என்று தடியாக ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி போட்ட புத்தகம். வழவழவென்ற தாள், பாடத்துக்குப் பாடம் படம். அந்த வருஷம் ஒரு சர்க்குலர் வந்தது. எந்தக் கம்பெனி புத்தகம் வைத்தாலும் சரி, பிள்ளைகள் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு லிஸ்ட் இருக்கிறது, பாடங்கள் அதோடு பொருந்தியிருக்க வேண்டும், இன்ஸ்பெக்ஷனுக்கு வரும்போது காட்ட வேண்டும் என்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலம் ஒரே இடத்தில் இல்லை. பாண்டி இங்கே, காரைக்கால் தெற்கே, மாஹே அந்தக் கோடியில் கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். பாண்டியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடம். மாஹே கேரளாப் பாடம், ஏனாம் ஆந்திராப் பாடம். அதனால் கட்டு ஒன்றாக வந்தாலும் உள்ளே ஊருக்கு ஊர் லிஸ்ட் வேறே.

கிளார்க் அந்தக் கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவி என்னிடம் கொடுத்தார். "ஜெராக்ஸ் கடைக்குப் போய் அஞ்சு செட்டு எடுத்துனு வா. மொத தாளு வேணாம், அது வெறும் அட்டை மாதிரி. ரெண்டாம் தாள்லேர்ந்து எடுக்கச் சொல்லு."

நான் முதல் தாளைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் நாலு எழுத்து. எம், ஆ, ஆஷ், கடைசியில் ஒரு ஏ. பிரெஞ்சில் கூட்டினால் மாஹே. அந்த நாலு எழுத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்காரர் அரசாங்க டிரைவர். ரெண்டு வருஷம் மாஹேயில் போட்டிருந்தார்கள். அவர் அனுப்பிய கவர்கள் எல்லாவற்றிலும் அந்த நாலு எழுத்து முத்திரை இருக்கும். கவர்கள் இன்னமும் என் பெட்டியில் இருக்கின்றன.

"சார், இது மாஹேது மாதிரி இருக்குதே..." என்றேன். என் குரல் எப்போதும் தொண்டைக்குழியோடு நின்றுவிடும்.

"இன்னா?"

"மேல மாஹேன்னு..."

"ஆயாம்மா, கடை சாத்திடுவான். போய்ட்டு வந்து கதை பேசு."

போனேன். எடுத்தேன். வந்தேன். முதல் தாள் அவர் பைலுக்குள் போனது, மீதி டீச்சர்கள் கைக்குப் போனது.

மூன்று இங்கிலீஷ் டீச்சர்கள் மதிய நேரத்தில் லைப்ரரி ரூமில் உட்கார்ந்து பொருத்தம் பார்த்தார்கள். பச்சை, சிவப்பு, ஊதா என்று கலர் பென்சில். பெரிய சார்ட் பேப்பர். ஒரு பக்கம் பாடத்தின் பேர், ஒரு பக்கம் லிஸ்டில் உள்ள நம்பர். நானும் அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் இன்னொரு ஆயாவும் டீ கொடுப்போம், பசை காய்ச்சுவோம், துண்டுச் சீட்டு வெட்டுவோம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா இது, பாடம் பாக்கறாங்களா, பொண்ணுக்கு ஜாதகம் பாக்கறாங்களா? பத்துப் பொருத்தத்துல எத்தினி இருந்தா கட்டிக் குடுப்பாங்களாம்?"

"சும்மா இரு, கேட்டுடப் போவுது."

"கேக்கட்டும். அந்தக் கெழவன் கதைக்கு ரஜ்ஜு தட்டுதாம், தள்ளி வெச்சுட்டாங்க."

அவள் சொன்னது உண்மைதான். படகோட்டிக் கிழவன் படம் போட்ட ஒரு கதை இருந்தது. சின்ன டீச்சருக்கு அது ரொம்பப் பிடிக்கும். "பிள்ளைங்க அழுதுச்சுங்க மேடம் இதை நடத்தும்போது" என்றார்.

பெரிய டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அழறதுக்கு லிஸ்ட்ல நம்பர் இருக்கா? இல்ல இல்ல? அப்ப எடு" என்றார்.

அப்படியே நாலு பாடமும் ரெண்டு பாட்டும் போயின. மிச்சப் பாடங்களின் தலையில் ஒட்ட, நம்பர் போட்ட சீட்டு தயாரானது. பாடத்தைப் படித்து மாற்றவில்லை, நடத்துகிற விதத்தை மாற்றவில்லை. தலையில் ஒரு சீட்டு, அவ்வளவுதான் பொருத்தம்.

ரெண்டாம் நாள் டீ கொடுக்கும்போது பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றேன். மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "டீச்சர், அந்த லிஸ்ட்டு மாஹே ஊரு லிஸ்ட்டு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஆயாம்மாவும் கமிட்டில சேந்துட்டாங்கப்பா. மாஹேக்கு டூர் போகணுமா உனக்கு? போ, சர்க்கரை இன்னும் கொஞ்சம் கொண்டா."

சின்ன டீச்சர் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்துகொண்டார். சர்க்கரை கொண்டுவந்தேன். அதுக்கு மேல் சொல்லவில்லை. சத்தம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வாசலை மறித்து நின்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒன்பதாவது ரெண்டு செக்ஷனிலும் புத்தகங்களை வாங்கிக்கொண்டார்கள். தொண்ணூறு புத்தகம். ஸ்டோர் ரூமில் குவித்து, எங்கள் கையில் ஆளுக்கொரு ஸ்கேலும் பிளேடும் கொடுத்தார்கள். தள்ளுபடியான பாடங்களைத் தையல் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும். புத்தகம் பிள்ளைகளுடையது, அவர்கள் அப்பா அம்மா வாங்கித் தந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு உயரமான பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் புத்தகம் என் மடியில் இருந்தது. அக்கா படித்த பழைய புத்தகம். ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது.

"ஆயாம்மா, அந்தக் கெழவன் பாடம் மட்டும் விட்டுடுங்களேன். எங்கக்கா ஒக்காந்து எழுதிக் குடுத்தது. எனக்கு அதை வச்சுத்தான் இங்கிலீஷே புரியுது. ஒம்போதாவதுல பெயிலாக்கி நிறுத்திடுவாங்க, ஆயாம்மா."

பத்தாவதில் எல்லாரும் பாஸ் என்று போர்டு வைக்க வேண்டும் என்பதற்காக, ஒன்பதாவதிலேயே தடுமாறுகிற பிள்ளைகளை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். அவள் பயந்தது சும்மா இல்லை.

"லிஸ்ட்ல இல்லையாம் கண்ணு" என்றேன்.

சொன்னது யார்? தெரிந்த நான்! அந்த வார்த்தையை என் வாயால் சொன்னதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. வெட்டினேன். ஆனால் வெட்டின தாள் ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பிள்ளையின் ரோல் நம்பரைப் பென்சிலால் எழுதினேன். குப்பையில் போடச் சொன்னதைப் போடாமல் நம்பர்வாரியாகப் பேப்பரில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

"இன்னாக்கா, கடலை மடிக்கவா?" என்றாள் அரியாங்குப்பத்தாள். நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நான் தண்ணீர் தம்ளரோடு நின்றிருந்தேன்.

"நல்லா அழகா பண்ணியிருக்கீங்க" என்றார். எல்லார் முகத்திலும் வெளிச்சம். "ஆனா இது மாஹேக்குப் போன லிஸ்ட் ஆச்சே. உங்க ஸ்கூல் எப்ப அங்க மாறுச்சு?"

பெரிய டீச்சர் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும், நம் ஊர் லிஸ்டில் உள்ள பாடங்களை முழுப் பரீட்சைக்குள் நடத்தியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா காரில் ஏறிப் போனார்.

மறுநாள்தான் அந்தத் தாளும் மைப்பெட்டியும்.

நான் தாளைக் கையில் எடுத்தேன். "எடுக்க வேணாம், அப்படியே வச்சு அழுத்து" என்றார் கிளார்க். எடுத்துப் படித்தேன். மூன்றே வரி. 'ஜெராக்ஸ் எடுக்க அனுப்பப்பட்ட நான், எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால், கடையில் தாள்களை மாற்றி எடுத்து வந்துவிட்டேன். இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு. மன்னிக்க வேண்டுகிறேன்.'

ரெண்டாம் தடவையும் படித்தேன். என் வேலை போகும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. படிக்கத் தெரிந்ததால்தான் நான் ரெண்டு தடவை வாய் திறந்து சொன்னேன். படிக்கத் தெரியாததால் கெடுத்தேன் என்று என் விரலை வைத்தே எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

"பேனா" என்றேன்.

"எதுக்கு?"

"பேனா குடுங்க சார்."

ஹெச்.எம். அம்மாதான் தன் பேனாவை நீட்டினார். அந்த மூன்று வரிக்கும் கீழே எழுதினேன். கை பழக்கம் விட்டுப்போய் எழுத்து கோணலாக வந்தது. 'நான் தாளை மாற்றவில்லை. கொடுத்ததே மாஹே தாள். கொடுத்த அன்றே கிளார்க் சாரிடம் சொன்னேன். பிறகு பெரிய டீச்சரிடமும் சொன்னேன். முதல் தாள் கிளார்க் சார் பைலில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும்.' கீழே என் கையெழுத்து.

ஹெச்.எம். அம்மா படித்தார். "உனக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டார்.

அது மட்டும்தான் கேட்டார். எழுதியிருப்பது நிஜமா என்று கேட்கவில்லை. பைலை எடு என்று கிளார்க்கிடம் சொல்லவில்லை. கிளார்க் மைப்பெட்டியை மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாள் மேசை டிராயருக்குள் போனது. மேலே என்ன விளக்கம் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பெரிய டீச்சர் என்னிடம் டீ வாங்குவதையே விட்டுவிட்டார், சின்ன டீச்சர் மூலம்தான் வாங்குவார். நான்தான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி!

நம் ஊர் லிஸ்டில் படகோட்டிக் கிழவனுக்கு இடம் இருந்தது. வெட்டிய ஆறில் அஞ்சு வேண்டும் என்றார்கள். புதுப் புத்தகம் வாங்கச் சொன்னால் பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஆபீஸ் ரூமில் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பரணிலிருந்து பொட்டலங்களை இறக்கி வைத்தேன். "ஐயோ, நல்லவேளை" என்றார் சின்ன டீச்சர். யாருக்கு நல்லவேளை?

மறுபடியும் மைதாப் பசை காய்ச்சினோம். பழைய சீட்டை உரித்தால் பாடத்தின் தலைப்பும் சேர்ந்து உரிந்தது. அதனால் மாஹே நம்பர்மேலேயே புது நம்பரை ஒட்டினோம். புதுச் சீட்டுகளையும் ஜெராக்ஸையும் கொண்டுவந்து வைத்த பெரிய டீச்சர், என்னைப் பார்க்காமல், "இந்தத் தடவையாவது பாத்து ஒட்டுங்க" என்றார்.

வாங்க போங்க என்று அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மொத தாளைக் குடுத்து அனுப்புங்க டீச்சர். எந்த ஊருன்னு பாத்துட்டு ஒட்டறேன்" என்றேன். குரல் தொண்டையில் நிற்கவில்லை. அரியாங்குப்பத்தாள் கரண்டியைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிளார்க்கே முதல் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். படித்துப் பார்த்தேன். பாண்டிச்சேரிதான். ஒட்ட ஆரம்பித்தோம்.

அந்த உயரமான பெண்ணின் புத்தகத்தை நானே ஒட்டினேன். ஒட்டிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. தையல் ஓரமாக வெட்டினதில், உள்பக்க ஓரம் பசைக்குள் போய்விட்டது. அக்கா எழுதின அர்த்தம் எல்லாம் அந்த ஓரத்தில்தான். ஒரு பக்கத்தில் வரிக்கு வரி முதல் ரெண்டு எழுத்தையும், மறுபக்கத்தில் கடைசி ரெண்டையும் காணோம்.

புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தை நெம்பிப் பார்த்தாள். பசை இறுகிப் போயிருந்தது.

"பரவால்ல ஆயாம்மா, மனசுல இருக்குது. நெரப்பிக்கறேன்" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக நிரப்ப ஆரம்பித்தாள். மூன்று டீச்சர், ஒரு கிளார்க், ஒரு ஹெச்.எம்., எல்லாம் தெரிந்தும் வெட்டின நான், இத்தனை பேர் சேர்ந்து கெடுத்ததை அந்தப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து சரி பண்ணிக்கொண்டிருந்தாள். பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை. கிளாஸுக்கு லேட் என்று அவளைத் திட்டிக்கொண்டே பெரிய டீச்சர் அந்தப் பக்கமாகப் போனார்.