பர்கருக்குப் போன அல்ஷிஃபா

சித்திரை பிறந்ததிலிருந்து அல்ஷிஃபாவுக்கு உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூக்கம் வந்தது. வயிற்றில் நாலு மாதம். முதல் பிள்ளைக்கு வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனவள் அவள். இந்தப் பிள்ளையோ அவளைத் தூங்க வைத்துக்கொண்டே வளர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் அவள் கிளார்க்காக இருந்த வங்கிக் கிளையில், பாஸ்புக் அச்சடிக்கும் மெஷின் கர்ர் கர்ர் என்று ஓடும். அந்தச் சத்தமே போதும், கண் சொருகிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பூக்காரம்மாவின் முகம் மெல்லக் கரைந்து போகும். "கையெழுத்து எங்கம்மா போடணும்?" என்று அது கேட்கும்போதுதான் மறுபடி மூக்கும் கண்ணுமாக ஒன்றுசேரும்.

அப்படி ஒரு பிற்பகலில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பீமராவ், ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கியிருந்த கிளார்க், திரையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அல்ஷிஃபா, ஆபீசர் ஆயிட்டீங்கம்மா! உங்க பேரு இருக்கு."

"எந்த ஊரு சார்?"

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். "பர்கர்னு போட்டிருக்கு. ஒடிசா. ஜூன் பத்துக்குள்ள சேரணுமாம்." பிறகு செல்போனில் வரைபடத்தைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். "நெல்லு வெளையிற ஊரும்மா. எங்க பாத்தாலும் ரைஸ் மில்லு. நம்ம மண்ணச்சநல்லூர் மாதிரிதான் இருக்கும்போல. நான் ரெண்டு தடவ புரமோஷனே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு இந்த ஊர விட்டு நகர மனசு வரல. நீங்க வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

திரையில் பச்சையாக ஒரு பரப்பு, அதற்குள் கோடு கோடாக வாய்க்கால்கள். அல்ஷிஃபா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்க ஆக்க, அங்கே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

அன்று சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு கோடு மட்டும் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாள். மூடியதும் ஆறு நிறைந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு வீடு. நீலக் கதவு. உள்ளே யாரோ அவளுக்குத் தெரியாத மொழியில் கூப்பிடுகிறார்கள். இதோ வருகிறேன் என்று அவளும் அதே மொழியில் சொல்கிறாள். வாசலில் செருப்புகள் கிடக்கின்றன. கணவன் கலீமுடையது, மகள் சம்ரீனுடையது, அவளுடையது. அவற்றின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஜோடி. அது யாருடையது என்று குனிந்து பார்க்கப் போகையில், "சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு, எல்லாரும் இறங்குங்க" என்றார் கண்டக்டர். பாலக்கரையில் இறங்க வேண்டியவள். வெட்கத்தோடு இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

கலீமிடம் சொன்னபோது அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். மன்னார்புரத்தில் ஒரு ஏசி பழுதுபார்க்கும் கடையில் அவனுக்கு வேலை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். குழாயை மூடிவிட்டு, "பர்கரா?" என்று மட்டும் கேட்டான்.

நாலு வயது சம்ரீன் ஓடி வந்தாள். "பர்கர் ஊருக்கா போறோம்? அங்க எல்லாரும் பர்கர்தான் சாப்பிடுவாங்களா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் அன்றைக்கு அந்தப் பேச்சு நகரவில்லை.

கலீம் எட்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவன். சம்ரீன் பிறந்தபோது அங்கே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், ஏசி பெட்டிகளுக்கு நடுவே நின்று, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பிள்ளை அழுத சத்தமா, வேறு ஏதோ இரைச்சலா என்று அவனுக்குத் தெரியவே இல்லை. பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டியவன் தகப்பன். அன்று அதைச் சொன்னது அல்ஷிஃபாவின் அத்தா பரக்கத் அலி. ஒன்றரை வயதில் சம்ரீன் திருச்சி ஏர்போர்ட்டில் கலீமை முதன்முதலாகப் பார்த்து, அலறிக்கொண்டு அம்மாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டாள். அதன்பிறகு அவன் திரும்பிப் போகவில்லை.

பரக்கத் அலி மட்டும் என்ன? குவைத்தில் இருபத்தாறு வருஷம். அல்ஷிஃபா பிறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவளைத் தூக்கினார். அந்த வீட்டில் ஆண்கள் போவார்கள், பெண்கள் இருப்பார்கள். கடிதம், பிறகு போன், பிறகு வீடியோ. மாறியது அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா வஹீதாதான் ஆரம்பித்தாள்.

"வயித்துப் பிள்ளையோட, பாஷ தெரியாத ஊருக்கா? இங்கயே பெத்துக்க. நாப்பது நாள் முடிச்சுட்டுப் போ."

"ஜூன்ல சேரலன்னா இந்தத் தடவ போச்சும்மா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு என் பேரே வராது."

"அப்ப நீ மட்டும் போ. சம்ரீன் எங்கிட்ட இருக்கட்டும். மாப்ள இங்கயே வேலையப் பாக்கட்டும். எட்டாம் மாசம் லீவு போட்டு வந்துரு."

அம்மா சொன்னதில் குறை எதுவும் இல்லை. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் அல்ஷிஃபா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இந்த வீட்ல எப்பவுமே ஒரு ஆளு குறையாத்தானே சாப்பிட்டிருக்கோம்மா? நான் பொறந்தப்ப அத்தா இல்ல. சம்ரீன் பொறந்தப்ப மச்சான் இல்ல. இந்தப் பிள்ள பொறக்கறப்பவாச்சும் எல்லாரும் ஒரே வீட்ல இருக்கணும். போனா மூணு பேரும் போறோம். இல்லன்னா யாருமே போகல."

பரக்கத் அலியின் கை தட்டிலேயே நின்றது. கலீம் தண்ணீர் குடித்துவிட்டு மாமனாரைப் பார்த்தான்.

"ஒடிசால வெயில் எப்படி மாமா இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு டிகிரி போகுதுன்னு டிவில சொல்றான்."

"அப்ப ஏசி ரிப்பேருக்கு ஆளு தேவப்படும்" என்றான் கலீம், மறுபடி சோற்றைப் பிசைந்துகொண்டே.

முடிவு அவ்வளவுதான். அல்ஷிஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையில் சும்மா விடுவார்களா? பொண்டாட்டி வேலைக்குப் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறான் என்று சிரித்தார்கள். "நான் தனியாப் போனப்ப யாரும் சிரிக்கலயேப்பா" என்று சொல்லிவிட்டு, தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தான் கலீம்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, ஆறாம் மாதத்தில் ரயிலில் போகலாம், கீழ் பெர்த்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாமான் கட்டுகிற வேலையைப் பரக்கத் அலி யாருக்கும் விடவில்லை. அட்டைப் பெட்டி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தாறு வருஷப் பழக்கம். பிரஷர் குக்கருக்குள் டம்ளர்களை அடுக்கி, டம்ளருக்குள் கரண்டிகளை நிறுத்தி, பெட்டியின் நாலு பக்கமும் கருப்பு மார்க்கரால் பெயர் எழுதினார். அல்ஷிஃபா கட்டிலில் சாய்ந்தபடி அந்த டேப் கிழிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள். சின்ன வயதில் இந்தச் சத்தம் கேட்டால் அத்தா போகப்போகிறார் என்று அர்த்தம். தூக்கத்துக்குள்ளும் அவளுக்கு அழுகை வந்தது. விழித்தபோது அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு.

புறப்பட்ட அன்று காலை ஜங்ஷனில் ரயில் தயாராக நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. வஹீதா ஜன்னல் வழியாக மகள் கையைப் பிடித்துக்கொண்டு, இஞ்சி மிட்டாய் எங்கே இருக்கிறது, தலையணை எங்கே இருக்கிறது என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பரக்கத் அலி பிளாட்பாரத்தில் இரண்டடி முன்னால் வருவதும் பின்னால் போவதுமாக இருந்தார். கையைச் சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், கட்டிக்கொண்டார்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் நின்னு பழக்கமில்ல." அவர் குரல் உடைந்தது. "எப்பவும் நான்தானே உள்ள உக்காந்திருப்பேன். நீங்க எல்லாம் எப்படித்தான் நின்னீங்களோ."

ரயில் நகர்ந்தது. அவர் கையாட்டத் தெரியாதவர் போல ஒரு கையைத் தூக்கி, அப்படியே வைத்திருந்தார். பிளாட்பாரம் வளைந்து மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

சென்னையில் மாறி ஏறிய ரயில், நெல்லூரோ ஏலூரோ என்று பெயர்களை அவள் காதோரம் போட்டுக்கொண்டே போனது. அல்ஷிஃபா தூங்கினாள், விழித்தாள், தூங்கினாள். விழிக்கும்போதெல்லாம் ஜன்னலில் வேறொரு மண் இருந்தது. கருப்பு மண், செம்மண், பிறகு மலைகள். மலைக்குள் ரயில் நுழையும்போது பெட்டி இருண்டு, வயிற்றுக்குள் பிள்ளை புரளும். வெளிச்சம் வந்ததும் அடங்கும். எதிர் இருக்கையில் கலீமின் மடியில் சம்ரீன், "இதுதான் பர்கரா? இதுதான் பர்கரா?" என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கேட்டாள். தெலுங்கில் விற்ற டீக்காரர் போய் ஒடியாவில் விற்பவர் வந்தார். டீ மட்டும் அதே இனிப்பு.

பர்கரில் ஆறும் இல்லை, நீலக் கதவும் இல்லை. வங்கிக்காரர்கள் பார்த்து வைத்த வீடு ஒரு உரக்கடைக்கு மேலே, ரோஸ் நிறத்தில் இருந்தது. மாடியில் நின்றால் மின்கம்பிகளும் தகரக் கூரைகளும் தெரிந்தன. முதல் படியில் கால் வைத்தபோதே அல்ஷிஃபாவுக்குத் தான் கனவில் கண்ட வீடு மனதிலிருந்து நழுவுவது தெரிந்தது. பின்னாளில் எவ்வளவு நினைத்தும் அதை அவளால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

உரக்கடைக்குப் பின்னால் கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா, விதவை, அறுபது வயது. அவள் பேசியதில் ஒரு சொல்லும் இவர்களுக்குப் புரியவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அல்ஷிஃபாவின் வயிற்றைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் கலீம் அவளுடைய ஏர் கூலரைச் சரிசெய்து கொடுத்தான். அந்த வாரமே தெருவில் இருந்த கூலர்கள் எல்லாம் அவனைத் தேடி வந்தன. சம்ரீன் வீட்டுக்காரம்மாவை மௌசி, அதாவது பெரியம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டு, பாதி நாள் அங்கேயே கிடந்தாள்.

வங்கியில் அல்ஷிஃபா தெரிந்த இந்தியை வைத்துக்கொண்டு சமாளித்தாள். விதை நெல்லுக்குக் கடன் கேட்டு வருகிற பெண்கள், அவள் தடுமாறும்போது சிரித்து, மெதுவாக மறுபடி சொல்வார்கள்.

ஆடி மாதம், ஓயாத மழை. ஒரு காலை குளியலறையில் ரத்தம் கண்டது. டாக்டர் பதினைந்து நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். அந்தப் பதினைந்து நாளும் மழைச் சத்தத்துக்குள்ளேயே கழிந்தது. கூரையும் தெருவும் கரைந்து, கட்டில் மட்டும் ஒரு பரிசல் மாதிரி மிதந்தது. அதில் படுத்துக்கொண்டு அவள் பயந்தாள்.

"அம்மா சொன்னதக் கேட்டிருக்கலாம் மச்சான். என் பிடிவாதத்தால பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

கலீம் ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் வைத்த ரசத்தில் உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. "அங்க இருந்தாலும் இது வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? அங்க வந்திருந்தா உங்கம்மா பாத்திருப்பாங்க. இங்க நான் பாக்கறேன். குடி."

குடித்தாள். வீட்டுக்காரம்மா மழையில் நனைந்துகொண்டே மாடியேறி வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, புரியாத மொழியில் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டே பாதத்தைப் பிடித்துவிடுவாள். கதையா, பிரார்த்தனையா, ஊர் வம்பா? என்னவென்று அல்ஷிஃபா விசாரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். பதினாறாம் நாள் டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னார்.

ஆவணி கடைசியில் வஹீதாவும் பரக்கத் அலியும் ரயிலில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லையை வஹீதா தாண்டியது அதுவே முதல் தடவை. அன்று அந்த ஊரில் புது அரிசிப் பண்டிகை. வீட்டுக்காரம்மா இலையில் புது அரிசியைப் பாலோடு கொண்டுவந்து வஹீதாவின் கையில் வைத்தாள். இரண்டு பேரும் தத்தம் மொழியில் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "பிரசவத்தப் பத்தித்தான், வேற என்ன?" என்றாள் வஹீதா.

இரண்டு வாரம் கழித்து, ஒரு முற்பகலில் பையன் பிறந்தான். கலீம் பிரசவ அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். அழுகைச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவனுக்குச் சந்தேகமே இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை வாங்கி வலது காதில் பாங்கு சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் நாக்கு குழற, நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். பக்கத்தில் பரக்கத் அலி வாயைத் திறக்காமல், பிள்ளையின் காலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பது முடிந்து பெரியவர்கள் திருச்சிக்குப் போன பிறகு, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேரும் பைக்கில் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. வயலில் குனிந்திருந்தவர்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தார்கள். கலீம் வண்டியை நிறுத்தினான். பிள்ளை அல்ஷிஃபாவின் தோளில் தூங்கியது. சம்ரீன் இறங்கிக் கரையோரம் ஓடி, வயலில் இருந்த ஒரு பெண்ணிடம் சத்தமாக ஒடியாவில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்து, பதில் சொல்லி, ஒரு கதிர்க்கொத்தை நீட்டினாள்.

"என்னடி கேட்ட அவங்ககிட்ட?" என்றாள் அல்ஷிஃபா.

"உனக்குச் சொன்னாப் புரியாதும்மா" என்றாள் சம்ரீன்.