வருஷம் திரும்பும் முன்னே வாங்கிய கார்

செந்திலண்ணா, காரிமங்கலம் வந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் தனுஷ்கோடிக் கடல் பார்க்கப் போக, நீ போனில் பேசி வைத்த பழைய வெள்ளைக் கார் என் முன்னால் நிற்கிறது. இடது கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடிகிறது. ஆனாலும் ஒரே சாவித் திருகலில் இன்ஜின் கிளம்புகிறது.

"போன்ல பேசுன அண்ணன் வரலியா?" என்கிறார் விற்கிற அக்கா.

நீ இறந்து இரண்டு மாதம் என்று சொல்லிவிடுகிறேன். நீட்டிய சாவியை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறார்.

"துக்க வூட்டுல வருஷம் திரும்பறதுக்குள்ள வண்டி எடுப்பாங்களா கண்ணு? வூட்டுக்கு ஆவாது."

"எங்க வூட்டுக்கு ஆவாததெல்லாம் ஆயிருச்சுங்க்கா. இன்னும் என்ன பாக்கி? சாவியக் குடுங்க."

சாவி கைக்கு வருகிறது. பையிலிருந்த எலுமிச்சம்பழங்களை நானே சக்கரங்களுக்கு அடியில் வைக்கிறேன். நாலாவதை அக்கா வெடுக்கென்று பிடுங்குகிறார்.

"கோணலா வெக்கறா பாரு, திமிரு புடிச்சவ!" என்று திட்டிக்கொண்டே குனிந்து அவரே வைக்கிறார்.

நாலையும் நசுக்கிக்கொண்டு கார் ரோட்டில் ஏறுகிறது.

படிக்கிறவங்களே, எனக்கு ஒன்றும் ஆகாது. கடலைப் பார்க்காமலே போன எங்கள் செந்திலண்ணனுக்காக மட்டும் எல்லாரும் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.